புகைவண்டியில் ஆணையும் ஒழுக்கமும்

பல ஊரினரும் பல தொழிலினருமாய், ஒருவரையொருவர் முன்பின் அறியாத மக்கள் ஓர் இரவும் பகலும் ஒரே பெட்டியில் உண்டும் உறங்கியும் வாழவேண்டிய நிலையைப் புகைவண்டி நாள்தோறும் உண்டாக்கி வருகின்றது. சத்திரத்திலும் அந்நியர் பலர் ஒருங்கே தங்குவர். ஆயின், அங்கே பக்கத்திலுள்ளான் செய்கை பொறாதவன் தன் மூட்டையை எடுத்துக்கொண்டு வேறிடம் ஏகலாம். ஓடுகின்ற வண்டியிலோ அஃது இயலாது. ஆதலின், அங்கு ஒழுங்கைக் காக்க ஒருவர் வேண்டியவராகின்றார். அவரே வண்டியோடு செல்லும் ஊழியர். கார்டு என்றும், டிக்கட்டுப் பரிசோதகர் என்றும் நாம் வழங்குவது அவரையே. 2022-ஆம் ஆண்டில் இந்திய இரயில்வேயார் கார்டு என்னும் பெயரை மாற்றி 'வண்டி மேலாளர்' எனப் பொருள்படும் பெயரை அவர்க்கு இட்டனர். எனினும் மக்கள் வாயில் பழம்பெயரே நிற்கின்றது. புகை ஒழிந்த பின்னும் புகைவண்டி என்னும் பெயர் ஒழியாதவாறு போல என்க.

நம் தென்னாட்டில் 1856-ஆம் ஆண்டு ஜூலை மாதம் 1-ஆம் நாள் இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை வண்டி பொதுமக்களுக்கு ஓடத் தொடங்கியது. அது முதல் இன்றளவும் வண்டி ஊழியர்க்கும் பிரயாணிகளுக்குமிடையே வழக்குகள் நிகழாத நாள் இல்லை எனலாம். "இவ்விடம் விட்டு எழுக" என்று ஊழியர் கூறுவர். "எழேன்" என்று பிரயாணி மறுப்பர். இவ்விருவருள் நியாயம் யார் பக்கத்தது? எப்பொழுதும் ஆணைக்கு அடங்குதலே நல்லொழுக்கமாகுமா? அன்றி, எதிர்த்து நிற்றலும் ஒருகால் அறமாகுமா? இவ்வினாக்களை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

1. வழக்குகளின் வகை

வண்டியில் எழும் சச்சரவுகள் பலவாகத் தோன்றினும் அவற்றை மூவகையுள் அடக்கலாம்.

முதலாவது, உரிமை பற்றியது. டிக்கட்டு இல்லாது ஏறுதல், தாழ்ந்த வகுப்பு டிக்கட்டோடு உயர்ந்த வகுப்பில் அமர்தல், பிறர்க்கென ஒதுக்கிய இடத்தைப் பற்றிக்கொண்டு விடாமை முதலியன இதன்பாற்படும்.

இரண்டாவது, செய்கை பற்றியது. புகைபிடித்தல், மது அருந்தி வருதல், தகாத சொற் கூறல், நள்ளிரவில் விளக்கேற்றி வைத்து உரக்கப் பேசுதல், காரணமின்றி அபாயச் சங்கிலியை இழுத்தல், படியில் தொங்குதல் ஆகியவை இதில் அடங்கும்.

மூன்றாவது, சொல் பற்றியது. கேட்கப்பட்டதும் நியாயம், கேட்கும் உரிமையும் உண்டு. ஆயினும் கேட்ட விதத்தால் பகை மூளுகின்றது. சிறு தீப்பொறியைப் பெருநெருப்பாக்கும் காற்றுப்போல, முன்னிரு வகைகளில் எழும் பூசலையும் கடுஞ்சொல்லே பெரிதாக்கிவிடுகின்றது.

2. சட்டம் கூறுவது

இந்தியாவில் 1890-ஆம் ஆண்டின் இரயில்வேச் சட்டம் நெடுங்காலம் வழங்கிவந்தது. அதற்கு மாற்றாக 1989-ஆம் ஆண்டில் புதிய சட்டம் இயற்றப்பட்டு 1990-ஆம் ஆண்டு ஜூலை மாதம் 1-ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. அச்சட்டத்தை இயற்றியோர் வண்டியில் நிகழும் வழக்குகளை எவ்வாறு கருதினர் என்பதை அதன் பிரிவுகள் சிலவற்றால் அறியலாம்.

54-ஆம் பிரிவின்படி, அதிகாரம் பெற்ற ஊழியர் கேட்டவுடன் பிரயாணி தன் டிக்கட்டைக் காட்டுதல் வேண்டும். 'அதிகாரம் பெற்ற' என்னும் அடை ஈண்டுக் கருதத்தக்கது. கேட்போர் யாவராயினும் காட்டுக என்று சட்டம் கூறவில்லை.

145-ஆம் பிரிவு குடிவெறியோடு வண்டியில் இருத்தல், பிறர்க்குத் தொல்லை விளைத்தல், ஆபாசமாக நடத்தல், வசைச்சொல் வழங்குதல் ஆகியவற்றைக் குற்றமாக்கி, அங்ஙனம் செய்வாரை ஊழியர் இறக்கிவிடலாம் என்கின்றது. 146-ஆம் பிரிவு ஊழியரைக் கடமை செய்யவிடாது தடுப்போர்க்குத் தண்டம் விதிக்கின்றது.

155-ஆம் பிரிவு இருமுகம் உடையது. தனக்கென ஒதுக்கப்படாத இடத்தில் புகுந்து எழ மறுப்பவனும் அதன்படி குற்றவாளி. ஒதுக்கப்படாத பெட்டியில் முறையாக ஏறவருபவனைக் கதவை அடைத்துத் தடுப்பவனும் குற்றவாளியே. நம்மவர் பலர் முதற்பகுதியை நன்கறிவர். இரண்டாம் பகுதியை அறிந்தும் அறியாதார் போல் இருப்பர்.

புகைபிடித்தல் பற்றிய 167-ஆம் பிரிவு மிக்க நுட்பம் வாய்ந்தது. அதே அறையிலுள்ள மற்றொரு பிரயாணி வேண்டாமென்று தடை கூறின், ஒருவர் அங்குப் புகைத்தல் ஆகாது என்று அப்பிரிவு முதற்கண் கூறுகின்றது. பின்னர், வண்டி முழுவதிலுமே புகைத்தலைத் தடுக்க நிர்வாகத்தார்க்கு அதிகாரம் அளிக்கின்றது. முதற்பகுதியில் கட்டளை பிறக்குமிடம் ஊழியர் வாய் அன்று. உடன் பிரயாணியின் துன்பமே. ஊழியர் வண்டிக்கு அரசர் அல்லர், பிரயாணிகள் ஒருவர்க்கொருவர் செய்துகொள்ளவேண்டிய உதவியைக் காத்து நிற்கும் காவலரே என்பதை இவ்வொரு பிரிவே தெளிவாக்கும்.

இனி, 139-ஆம் பிரிவைக் காண்போம். கட்டணமும் மிகைக் கட்டணமும் செலுத்த மறுப்பவரை வண்டியினின்றும் இறக்கலாம். ஆயின் அதற்கு எல்லைகள் உண்டு. உயர்ந்த வகுப்பினின்றும் இறக்கப்பட்டவர் தம் டிக்கட்டுக்குரிய வகுப்பில் பிரயாணத்தைத் தொடர்வதைத் தடுத்தல் ஆகாது. ஆண்துணையின்றி வரும் பெண்ணையோ குழந்தையையோ வழியிலுள்ள ஏதோ ஒரு சிறு நிலையத்தில் இறக்குதல் கூடாது; அவர் ஏறிய நிலையத்திலோ, சந்திப்பிலோ, வண்டி முடியும் இடத்திலோ, மாவட்டத் தலைநகரிலோதான் இறக்கலாம்; அதுவும் பகற்பொழுதில் மட்டுமே. குற்றம் செய்தவரிடத்தும் கொடுமை கூடாது என்னும் அறிவு இவ்விதியில் அமைந்திருத்தல் காண்க.

ஊழியரும் சட்டத்துக்குப் புறம்பானவர் அல்லர். கடமையிலிருக்கும்பொழுது மது மயக்கத்தோடிருக்கும் ஊழியர்க்கு 172-ஆம் பிரிவு தண்டம் விதிக்கின்றது.

3. ஆணை தவறிய இடங்கள்

மேற்கூறியவற்றால் 'ஊழியர் சொல் எப்பொழுதும் கொள்ளத்தக்கது' என ஒருவர் துணிவாராயின், சரித்திரம் அவரைத் தடுத்து நிறுத்தும்.

1883-ஆம் ஆண்டில் அமெரிக்காவில் டென்னசி மாகாணத்தில் ஐடா வெல்ஸ் என்னும் கறுப்பினப் பெண்மணி, அக்காலத்தில் பள்ளி ஆசிரியையாயிருந்தவர், முதல் வகுப்பு டிக்கட்டு வாங்கி மகளிர்க்குரிய பெட்டியில் அமர்ந்திருந்தார். வண்டி ஊழியர் அவரை முன்னுள்ள பெட்டிக்குப் போகும்படி கட்டளையிட்டார். அது புகைபிடிப்போர் நிறைந்த பெட்டி. வெல்ஸ் மறுத்தார். ஊழியர் பற்றி இழுக்க, அவர் ஊழியர் கையைக் கடித்துவிட்டார். பின்னர் வேறு ஆடவரும் சேர்ந்து இழுத்தனர். பெட்டியிலிருந்த வெள்ளையர் சிலர் கைகொட்டி மகிழ்ந்தனர். அவர் புகைப்பெட்டிக்குச் செல்ல உடன்படாது வண்டியை விட்டே இறங்கினார். இறங்கியவர் வாளாவிருக்கவில்லை, கம்பெனியின்மேல் வழக்குத் தொடுத்தார். 1884-ஆம் ஆண்டில் கீழ்க்கோர்ட்டில் 500 டாலர் ஈடு கிடைத்தது. 1887-ஆம் ஆண்டில் மாகாண உயர்மன்றம் அத்தீர்ப்பை மாற்றிவிட்டது.

பத்தாண்டுகள் கழித்து, 1893-ஆம் ஆண்டு ஜூன் மாதத்தில், தென்னாப்பிரிக்காவில் நிகழ்ந்ததை நம்மில் அறியாதார் இலர். இளம் வழக்கறிஞரான காந்தியடிகள் டர்பனிலிருந்து பிரிட்டோரியா நோக்கி முதல் வகுப்பில் சென்றார். பீட்டர்மாரிட்ஸ்பர்க் நிலையத்தில் இரவு வேளையில் ஒரு பிரயாணி வந்து அவரைக் கண்டு, வெளியே சென்று, உத்தியோகஸ்தரை அழைத்து வந்தார். கடைசிப் பெட்டிக்குப் போகும்படி அவர்க்குக் கட்டளை பிறந்தது. தம்மிடம் முதல் வகுப்பு டிக்கட்டு உண்டு என்று அவர் கூறியதை யாரும் செவிமடுக்கவில்லை. போலீஸ்காரர் ஒருவர் வந்து அவரைத் தள்ளி இறக்கினார், மூட்டைகளும் இறக்கப்பட்டன. அங்கு அது குளிர்காலம், மேலங்கியோ மூட்டைக்குள். கேட்கச் சென்றால் மீண்டும் அவமதிப்பரோ என்றஞ்சி அவர் குளிரிலேயே இரவைக் கழித்தார். மறுநாட் காலையில் இரயில்வேத் தலைமை அதிகாரிக்கு நீண்ட தந்தி அனுப்பினார்.

இந்நிகழ்ச்சியைப் பலரும் எடுத்துரைப்பர். ஆயின் அதே பிரயாணத்தின் இறுதியில் நிகழ்ந்த வேறொன்றைப் பெரும்பாலோர் மறந்துவிடுகின்றனர். ஜோகன்னஸ்பர்க்கிலிருந்து பிரிட்டோரியா செல்லும் வண்டியில் ஜெர்மிஸ்டன் என்னுமிடத்தில் கார்டு வந்து டிக்கட்டைப் பார்த்தார். முதல் வகுப்பு டிக்கட்டைக் கண்டும் மூன்றாம் வகுப்புக்குப் போகும்படி சைகை காட்டினார். அவ்வறையில் ஆங்கிலேயர் ஒருவர் மட்டும் இருந்தார். அவர் கார்டை நோக்கி, 'இவரிடம் முதல் வகுப்பு டிக்கட்டு உள்ளது காணீரோ? இவர் என்னோடு வருவதில் எனக்கு யாதொரு தடையும் இல்லை' என்ற கருத்துப்படக் கூறி, காந்தியடிகளை அங்கேயே இருக்கச் சொன்னார். கார்டு முணுமுணுத்துக்கொண்டு அகன்றார். பூசல் அம்மட்டில் ஒழிந்தது.

இவ்விரு நிகழ்ச்சிகளையும் அருகருகே வைத்து நோக்குக. ஊழியர் இடும் கட்டளை இரண்டிடத்தும் ஒன்றே. டிக்கட்டும் ஒரே தன்மையது. வேற்றுமை உடன் பிரயாணியிடத்து மட்டுமே உளது. முன்னவர் சென்று ஆளை அழைத்து வந்தார். பின்னவர் இரண்டொரு சொற்களால் நியாயத்தை நிறுத்தினார். வழக்கு இருவரிடையே என்று நாம் எண்ணுகின்றோம். உண்மையில் அது மூவரிடையே நிகழ்கின்றது. பார்த்திருப்பவனே அம்மூன்றாமவன். அவன் வாய் திறத்தலும் வாய் மூடுதலும் முடிவை மாற்றவல்லன.

4. நல்லாணையும் தீயாணையும்

அங்ஙனமாயின், பணியத்தக்க ஆணை இது, எதிர்க்கத்தக்க ஆணை இது என்று பகுத்தறிவது எவ்வாறு? 'சட்டத்தில் உள்ளது' என்பது ஒன்றே போதிய விடையாகாது. அமெரிக்காவின் லூயிசியானா மாகாணத்தில் 1890-ஆம் ஆண்டில் வெள்ளையர்க்கும் கறுப்பினத்தார்க்கும் வெவ்வேறு பெட்டிகள் வேண்டும் என்று சட்டமே இயற்றப்பட்டது. 1892-ஆம் ஆண்டு ஜூன் மாதம் 7-ஆம் நாள் ஹோமர் பிளெஸ்ஸி என்பார் அச்சட்டத்தைச் சோதிக்கவேண்டியே வெள்ளையர் பெட்டியில் அமர்ந்து, எழ மறுத்துச் சிறைப்பட்டார். 1896-ஆம் ஆண்டில் அந்நாட்டுத் தலைமை நீதிமன்றம் அச்சட்டம் செல்லும் என்றே தீர்ப்பளித்தது. நீதிபதி ஹார்லன் ஒருவரே மாறுபட்டார். அத்தீர்ப்பு நிறுவிய கோட்பாட்டை அம்மன்றமே 1954-ஆம் ஆண்டில் பள்ளிக்கூடங்கள் பற்றிய வழக்கொன்றில் கைவிட்டது. 2022-ஆம் ஆண்டில் லூயிசியானா ஆளுநர் பிளெஸ்ஸியின் குற்றத்தை அவர் இறந்து பல்லாண்டுகளுக்குப் பின் மன்னித்தார். மன்னிக்கப்படவேண்டியது பிளெஸ்ஸியோ, அச்சட்டமோ என்பதை அறிவுடையோர் எண்ணிக்கொள்க.

ஆகலின் ஆணையை உரைத்துப் பார்க்க மூன்று உரைகற்கள் கூறுவோம்.

முதலாவது: அவ்வாணை எல்லார்க்கும் ஒப்ப உரியதா? பிறப்பாலும் நிறத்தாலும் உடையாலும் ஆளைப் பார்த்து மாறும் ஆணை நல்லாணை ஆகாது. கோட்டு அணிந்தவனை 'ஐயா' என்றும், அழுக்கு வேட்டியனை 'ஏய்' என்றும் விளித்து ஒரே விதியைக் கூறின், விதி நன்றாயினும் ஆணை பழுதாம்.

இரண்டாவது: அஃது எவர் நன்மையைக் காக்கின்றது? புகைத்தலைத் தடுப்பது அருகிலுள்ளார் மூச்சைக் காக்கின்றது. அபாயச் சங்கிலியை வீணே இழுக்காதே என்பது ஆயிரவர் பொழுதைக் காக்கின்றது. பிளெஸ்ஸியை எழுப்பியதோ ஒருவர் நலனையும் காக்கவில்லை. ஒரு சாரார் செருக்கையே காத்தது.

மூன்றாவது: அதனைப் பிரயாணி முன்னரே அறிந்து நடக்க இடமிருந்ததா? காந்தியடிகள் முறைப்படி டிக்கட்டு வாங்கினார். விற்றவர் பணத்தைப் பெற்றுக்கொண்டார். பின்னர் நடுவழியில் பிறந்த ஆணை உடன்படிக்கையை முறிப்பதாகும்.

இம்மூன்றும் பொருந்திய ஆணைக்குப் பணிதல் அடிமைத்தனம் அன்று, அறிவுடைமையே. இவை பொருந்தாதவழி மறுத்தல் குற்றமன்று. எனினும் மறுக்கும் முறையும் ஒன்றுண்டு. தந்தியும் வழக்கும் மேற்குறித்தோர் கைக்கொண்ட கருவிகள் என்பதை மறத்தலாகாது. இக்காலத்தில் 139 என்னும் எண்ணுக்குத் தொலைபேசியில் முறையிட்டாலும், வண்டியின் பெயர், பெட்டி எண், நேரம் ஆகியவற்றைக் குறித்து எழுதினாலும், ஒருவர் தம் குறையை உரிய இடத்திற் சேர்க்கலாம்.

5. பிழை இரு பக்கத்தும் உண்டு

1917-ஆம் ஆண்டில் காந்தியடிகள் மூன்றாம் வகுப்புப் பிரயாணத்தைப் பற்றி ஒரு கட்டுரை வெளியிட்டார். பம்பாயிலிருந்து சென்னைக்கு வந்த பிரயாணம் ஒன்றை அதில் விவரித்தார். 22 பேர்க்குரிய பெட்டியில் இடம் இல்லாதவழியும் மேலும் மேலும் மக்களைத் திணிப்பதற்கே கார்டும் பிற ஊழியரும் வந்தனரேயன்றி, குறை கேட்க வரவில்லை என்று வருந்தினார். அவ்வளவில் அவர் நிற்கவில்லை. தம் சுயசரிதையில், ஊழியரின் அலட்சியத்தோடு பிரயாணிகளின் முரட்டுத்தனம், அசுத்தம், தன்னலம் ஆகியவையும் சேர்ந்தே அப்பிரயாணத்தைத் துன்பமாக்குகின்றன என்று எழுதினார். ஊழியரால் வெளியே தள்ளப்பட்ட ஒருவரே இங்ஙனம் இரு பக்கமும் நோக்கியது வியத்தற்குரியது. தமக்கு நேர்ந்த தீங்கைக் கொண்டு தம்மவர் குற்றத்தை மறைக்க அவர் கருதிற்றிலர்.

இன்றைய வண்டிகளிலும் இவ்விருபக்கப் பிழையைக் காணலாம். மூன்றடுக்குப் படுக்கைப் பெட்டியில் நடுப்படுக்கையை எப்பொழுது விரிப்பது என்பது பழைய சண்டை. நடுப்படுக்கை விரிந்தால் கீழே இருப்பவர் நிமிர்ந்து உட்கார இயலாது. விரியாவிடில் அதற்குரியவர் படுக்க இயலாது. முன்பு இரவு 9 மணி முதல் காலை 6 மணி வரை உறங்கும் பொழுதாயிருந்தது. 2017-ஆம் ஆண்டில் இரயில்வேயார் அதனை இரவு 10 மணி முதல் எனத் திருத்தினர். அவ்வறிவிப்பிலேயே நோயுற்றோர், மாற்றுத்திறனாளிகள், கருவுற்ற மகளிர் ஆகியோர் முன்னரே உறங்க விரும்பின் ஏனையோர் இடங்கொடுத்து உதவுமாறு வேண்டிக்கொண்டனர். விதி கடிகாரத்தைக் கூறும். விதிக்கு அப்பாற்பட்ட பரிவை வேண்டுகோளாகத்தான் கூறமுடியும். ஒரு ஒன்பதரை மணிக்கு இடுப்பு வலியோடு நிற்கும் முதியவரைப் பார்த்து 'விதிப்படி இன்னும் அரைமணி உண்டு' என்பவர் சட்டத்தை மீறவில்லை; ஆயினும் அவர் செய்தது நன்று என்று யாரும் கூறார்.

அவ்வாறே கைப்பேசியில் உரக்கப் பாட்டுக் கேட்போர், பிறர் குறைகூறின், 'நான் டிக்கட்டு வாங்கியவன்' என்பர். டிக்கட்டு ஓரிடத்தை விலைக்குத் தருகின்றது. பெட்டியிலுள்ளார் அனைவரது செவிகளையும் விலைக்குத் தருவதில்லை.

ஊழியர் நிலையையும் எண்ணுதல் வேண்டும். பரிசோதகர் ஒருவர் பல பெட்டிகளை ஏற்றுச் செல்கின்றார். இடம் கிடைக்காத பலர் அவரைச் சூழ்ந்து நிற்பர். ஒருவர்க்கு இல்லை என்றது பிழையாகவும், மற்றொருவர்க்கு உண்டு என்றது பக்ஷபாதமாகவும் பேசப்படும். நூறு முறை ஒரே விடையைச் சொன்னவர் நூற்றோராம் முறை சினங் கொள்ளுதல் இயல்பு. இயல்பாயினும் தகுதியன்று. கேட்பவன் முதன்முறையாகக் கேட்கின்றான் என்பதை ஊழியர் நினைத்தல் வேண்டும். சொல்பவர் நூறாம் முறையாகச் சொல்கின்றார் என்பதைப் பிரயாணி நினைத்தல் வேண்டும்.

6. மாணவர்க்குச் சில சொற்கள்

விடுமுறை தொடங்கும் நாளிலும் முடியும் நாளிலும் வண்டிகளை நிறைப்போர் மாணவரே. தனித்தவழி அடக்கமாயிருப்பவர் கூடியவழி வேறாகிவிடுகின்றனர். பத்துப் பேர் சேர்ந்து ஒதுக்கிய பெட்டியிற் புகுந்தால், பரிசோதகர் ஒருவரால் என் செய்யக்கூடும்? அங்கே அவர் தோற்பார். ஆயின் வென்றது நியாயமன்று, எண்ணிக்கையே. வெல்ஸ் அம்மையாரைப் பலர் கூடி இழுத்தபொழுது வென்றதும் அவ்வெண்ணிக்கைதான் என்பதை நாம் மறவாதிருப்போமாக.

படியில் தொங்குதல் 156-ஆம் பிரிவின்படி குற்றம். சங்கிலி இழுத்தல் விளையாட்டும் அன்று. சங்கிலியை இழுக்குங்கால் வண்டி முழுதும் ஓடும் பிரேக்குக் குழாயினின்றும் காற்று வெளியேறும்; வேகம் குன்றும்; ஓட்டுநர் வண்டியை நிறுத்துவர். பின்னர் ஊழியர் இறங்கி நடந்து, எப்பெட்டியில் இழுக்கப்பட்டது என்று தேடிச் சீர்செய்த பின்னரே வண்டி நகரும். அதுவரை பின்வரும் வண்டியும் காத்திருத்தல் வேண்டும். அப்பின்வண்டியில் தேர்வு எழுதச் செல்வோனோ, நோயுற்ற தாயைக் காண விரைவோனோ இருக்கலாம். 141-ஆம் பிரிவு இதற்கு ஓராண்டு வரை சிறையும் 1,000 ரூபாய் வரை தண்டமும் வகுத்ததன் காரணம் இதுவே.

முடிவாக ஒன்று. மாணவர் தம் வாழ்நாளில் பலமுறை வண்டியில் ஊழியர்க்கும் பிறர்க்கும் நிகழும் பூசலைக் காண்பர். அப்பொழுது இருவகை எளிய வழிகள் தோன்றும்: கைப்பேசியை உயர்த்திப் படம் பிடித்தல் ஒன்று; சன்னல் வழியே வெளியே நோக்கியிருத்தல் மற்றொன்று. ஜெர்மிஸ்டனில் அப்பெட்டியிலிருந்தவர் இவ்விரண்டினும் வேறான மூன்றாம் வழியைக் காட்டினார். டிக்கட்டைப் பார்த்தார், நியாயத்தை அறிந்தார், குரலை உயர்த்தாமல் கூறினார். எழவேண்டியவன் எழாதபொழுது 'ஐயா, ஊழியர் கேட்பது முறையே' என்பதற்கும், எழவேண்டாதவனை எழுப்பும்பொழுது 'ஐயா, இவர் இருப்பது முறையே' என்பதற்கும் அத்தகைய ஒரு குரல் போதும். அதனைத் தருதல் நம் கடன்.